நூற்றுப்பதினேழு யாருக்கு?

"அன்வர் அண்ணா, கறுப்பாவே இருக்குது. அம்மா தெரியலியே!"

ஷைலா அயர்லாந்திலிருந்து என் லேப்டாப்பில் பேசினாள். நான் திருத்தணியில், ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன சர்ச்சின் பின்னறையில், லேப்டாப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், பீடத்துக்கு முன்னால், அவளுடைய அம்மா எஸ்தரம்மா பெட்டிக்குள் படுத்திருந்தார். மணி மூன்றரை. நாலு மணிக்குள் பெட்டியை மூடிக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக வேண்டும்.

ஷைலாவுக்கு நிறைமாதம். எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்தரம்மா சென்னை ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கிருந்து நேராக சர்ச்சுக்குத்தான் வந்தார். போனில் வீடியோ கால் போட்டுப் பார்த்தார்கள். சர்ச்சின் கல் சுவருக்குள் சிக்னல் இல்லை. வைஃபையில் போட்டால், கூட்டத்தில் இருந்த அத்தனை போனும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனது.

என் லேப்டாப்பின் ஒயர் பெட்டிவரை எட்டாது. மிச்சம் இருந்தது தூணில் நான் மாட்டியிருந்த கேமரா. ஞாயிறு ஆராதனையை வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட வைத்தது. அது ஒயர் வழியாக லேப்டாப்புக்கு வந்து வெளியே போவது, வைஃபை நெரிசல் அதைத் தொடாது. "நான் காட்டுறேம்மா, நீ அழுவாத" என்று காலையிலேயே ஷைலாவுக்கு லிங்க் அனுப்பி வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கேமராதான் இப்போது கறுப்பாக இருந்தது.

"லைன்ல ஏதோ பிரச்சினைம்மா, ரெண்டு நிமிஷம்" என்றேன். காரணம் தெரியாதபோது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது அதைத்தான்.

இந்தத் தொடரில் இதுவரை அடுத்தவர் செய்த தப்புகளையே சிரிக்கச் சிரிக்க எழுதிவந்தேன். இந்த வாரம் என்னுடையது.

எக்ஸ்சேஞ்சு மூளை

எஸ்தரம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் திருத்தணியிலிருந்து யார் யாரிடம் பேச வேண்டுமானாலும் அவர் கை பட்டுத்தான் இணைப்புப் போகும்.

"ஊர்ல எல்லார் வூட்டு நம்பரும் எனக்குத் தெரியும். யார் வூட்டு ரகசியமும் எனக்குத் தெரியாது" என்பார்.

"மொத பாதி நெஜம்" என்று பக்கத்திலிருந்து சிரிக்காமல் சொல்வார் சாமுவேல் ஐயா. அவருடைய கணவர், பள்ளிப்பட்டுக்காரர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு மனைவியைக் கிண்டல் செய்வதாக இருக்கும்.

எனக்கு பஜாரில் ஒரு சின்னக் கடை. லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது தொழில். சர்ச்சுக்கு இன்டர்நெட் வேண்டும் என்று கூப்பிட்டபோது, நான் வேலை செய்யும் இடத்துக்கே எஸ்தரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னா பண்றியோ அதைச் சொல்லிகினே பண்ணு பாய்."

வேலை செய்யும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். ஆனால் அந்த அம்மாவிடம் காட்ட முடியவில்லை.

"இது இன்னா, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, நூத்தி அறுபத்தெட்டுன்னு?"

"ஐபி அட்ரஸ்மா. நெட்வொர்க்ல இருக்குற ஒவ்வொரு சாமானுக்கும் ஒண்ணு இருக்கணும். நாலு துண்டா இருக்கும், நடுவுல புள்ளி. இது இல்லாட்டி எது யாருக்குப் போவணும்னே தெரியாது."

"எங்க வூட்டு டப்பாவுலயும் இதே நம்பருதான ஒட்டியிருக்குது. ஒரே அட்ரஸ் ரெண்டு எடத்துல எப்படி?"

நான் கொஞ்சம் ஆடிப்போனேன். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே ஒரு வருஷம் ஆனது. உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண், உள்ளே இருப்பது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கலாம், வெளியே போகும்போது ரூட்டர் என்கிற அந்த டப்பா தன்னுடைய எண்ணைப் போட்டு அனுப்பும் என்று நீட்டி முழக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எக்ஸ்டென்ஷன்னு சொல்லித் தொலையேன்! வெளி லைன் ஒண்ணு, உள்ள பத்து எக்ஸ்டென்ஷன். எல்லா ஆபீசுலயும்தான் பதினொண்ணாம் எக்ஸ்டென்ஷன் இருக்கும், ஒண்ணோட ஒண்ணு இடிக்குதா? நடுவுல ஆபரேட்டர் உக்காந்துகினு மாத்தி மாத்திக் குடுக்குறா. உன் ரூட்டருதான்யா நானு."

அன்றிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். என் சொந்தச் சரக்கு மாதிரியே சொல்லி வந்திருக்கிறேன். மன்னிக்கவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜ்காரர், கேமராவுக்குக் கடைசித் துண்டு எண் 365தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, அதனால் ராசியாம். 255க்கு மேல் போகாது என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "வேற லாட்ஜுக்குக் குடுத்துட்டியா பாய்?" என்று கேட்டுவிட்டார்!

எஸ்தரம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். சிரித்துவிட்டு, "அது ஏன் இருநூத்தி அம்பத்தஞ்சு?" என்றார்.

"ஒவ்வொரு துண்டும் எட்டு சுவிட்சும்மா. ஒவ்வொண்ணும் போட்டிருக்கும், இல்ல அணைச்சிருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு..." எட்டாவது விரலில் நின்றார். "இருநூத்தி அம்பத்தாறு. சைபர்லருந்து ஆரம்பிச்சா கடைசி இருநூத்தி அம்பத்தஞ்சு. சரிதான், அவருக்குப் படி கொறையுது."

செருப்பு டோக்கன்

இனி என் தப்புக்கு வருகிறேன். அதற்கு நீங்கள் ஒரு நிமிஷம் எங்கள் மலைக் கோயில் செருப்புக் காவலில் வந்து நிற்க வேண்டும்.

செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். வரிசையில் எந்த எண் காலியோ அது. சாமி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அதே டோக்கன் அடுத்தவருக்குப் போகும். ரூட்டரும் அப்படித்தான். போன் உள்ளே வந்ததும் ஒரு எண்ணைக் கொடுக்கும், போன் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கும்.

ஆனால் கேமரா, பிரிண்டர் மாதிரி ஒரே இடத்தில் இருப்பவற்றுக்கு எண் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். அதனால் அவற்றுக்கு நாமே கையால் ஒரு நிரந்தர எண் போடுவோம். அதாவது டோக்கன் வாங்காமல், தெரிந்தவர் என்ற உரிமையில் நாமே ஒரு அலமாரியில் செருப்பை வைத்துக்கொள்வது. செருப்பு அங்கே இருக்கிறது என்பது டோக்கன் கொடுப்பவருக்குத் தெரியாது. ஆகவே டோக்கன் போகாத அலமாரியாகப் பார்த்து வைக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

சர்ச்சில் ஒரு மரப்பலகை உண்டு. அன்றைக்குப் பாடப்போகும் கீர்த்தனைகளின் எண்களை அதில் செருகி வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் அந்த எண்களை மாற்றுவது எஸ்தரம்மாதான். என்னை விடுவாரா?

"கேமராவுக்கு இன்னா நம்பரு போடப் போற?"

"ஏழுன்னு போடலாம்மா."

"ஏழாம் நம்பரு பாட்டு யாருக்கு ஞாபகம் இருக்குது? நூத்திப்பதினேழு போடு. இந்த சபையில தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. நாளைக்கி நீ இல்லாதப்ப கேமரா நின்னுபோச்சுன்னா வேற ஆளு வந்து நோண்டணுமே."

அது அவருக்குப் பிடித்த பாட்டு. தன் அடக்கத்தில் அதைத்தான் பாட வேண்டும் என்று பாஸ்டரிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த ரூட்டர் 100லிருந்துதான் டோக்கன் கொடுக்கும். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வைஃபைக்கு வருவது பத்துப் பன்னிரண்டு போன், 111ஐத் தாண்டாது, 117 எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். ரூட்டருக்குள் போய் அதை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும். அந்த அம்மா டீ வேறு கொண்டுவந்துவிட்டார். அப்படியே விட்டுவிட்டேன்.

என் தொழில்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டாவது போன்

அன்று காலையிலிருந்தே சர்ச்சில் கூட்டம். நகரியிலிருந்து, புத்தூரிலிருந்து, பள்ளிப்பட்டிலிருந்து உறவுக்காரர்கள். சாவுக்கு வந்தவர்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்களா என்று நினைக்காதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில், வழி தெரியாமல் நிற்கும் சித்தப்பாவுக்கு வேறு எப்படி வழி சொல்வது? பாஸ்வேர்டு அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருந்தது.

நடுவில் கரண்ட் வேறு போனது. ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது. கேமராவுக்கு இன்வெர்ட்டர் இல்லை. இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. மூன்று மணிக்குக் கரண்ட் வந்து, கேமராவைப் போட்டேன்.

படம் வரவில்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். கேமராவை அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. 117 உயிரோடு இருக்கிறதா என்று லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது.

பதில் வராமல் இருந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். பதில் வருகிறது, படம் இல்லை என்றால், பதில் சொல்வது கேமரா இல்லை. "117 யாரு?" என்று லேப்டாப் கூவுகிறது, வேறு யாரோ கையைத் தூக்கி "நான்தான்" என்கிறார்கள்.

ரூட்டரின் பட்டியலைத் திறந்தேன். 100, 101, 102 என்று வரிசையாகப் போன்களின் பெயர்கள். கீழே இறங்கி 117க்கு வந்தேன். அதற்கு நேராக இருந்த பெயர்: எஸ்தரம்மா.

சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அது அவருடைய போன். வாங்கின அன்று அந்தப் பெயரை அதில் எழுதிக் கொடுத்ததே நான்தான். ஞாயிறுதோறும் வந்து பழகிய போன் ஆனதால், சர்ச்சுக்குள் நுழைந்ததும் தானாகவே வைஃபையில் சேர்ந்துகொண்டது. காலையிலிருந்து பதினேழு போன்கள் வந்து 116 வரை தீர்ந்திருந்தது. பெட்டியோடு வந்தது பதினெட்டாவது. கேமரா அப்போது அணைந்திருந்ததால் ரூட்டருக்கு 117 காலியாகத்தான் தெரிந்தது, கொடுத்துவிட்டது.

சட்டைப் பை

போன் சாமுவேல் ஐயாவிடம் இருந்தது. பெட்டியை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் குனிந்தேன்.

"ஐயா, அம்மா போன் உங்ககிட்டயா இருக்குது?"

"ஆங்."

"குடுங்க. அணைக்கணும்."

சட்டைப் பையின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "வாணாம் பாய்."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் மூடியை இரண்டு பேர் சுவரோரம் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பாழாய்ப்போன கோபம் அங்கேயா வர வேண்டும்!

"ஐயா, ஷைலா பாக்கணுமா வாணாமா? இந்தப் போன்தான் கேமராவ மறிச்சிகினு நிக்குது!"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா போனை எடுத்து, கட்டைவிரலால் தடவித் தடவி எதையோ அமுக்கி, பெட்டிக்குள் எஸ்தரம்மாவின் காதோரம் பிடித்தார். ஷைலாவின் குரல் சின்னதாகக் கேட்டது.

"அம்மா, பாப்பா இன்னைக்கு ரொம்ப ஒதைக்குதும்மா. ஒன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். நைனாகிட்ட இன்னும் சொல்லல."

சாமுவேல் ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலையிலருந்து வாய்ஸ் மெசேஜா அனுப்பிகினே இருக்குறா பாய். அம்மா காதாண்ட வை நைனான்னா. இதை அணைச்சிட்டா அவ பேசுறது இவளுக்கு எப்படிப் போவும்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. போனை அணைத்தால் மகள் பேசுவது அம்மாவுக்குப் போகாது. அணைக்காவிட்டால் அம்மாவின் முகம் மகளுக்குப் போகாது. இரண்டுக்கும் நடுவில் நான் போட்ட ஒரு எண் நின்றது.

"தப்பு என்னுதுங்க ஐயா" என்றேன். "அம்மா சொன்னாங்கன்னு கேமராவுக்கு நூத்திப்பதினேழு போட்டேன். இன்னைக்கு அதே நம்பரு அம்மா போனுக்கும் வந்துட்டுது. ரெண்டு பேருக்கு ஒரு நம்பரு ஆவாது."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ அது இவகிட்டயே இருக்கட்டும். கேமராவுக்கு வேற குடேன்."

ஒரு நெட்வொர்க்குக்காரனுக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது அதுதான். அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

ஆறு சரணம்

பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் பாய்?"

"அஞ்சு நிமிஷங்க ஐயா. மூடிடாதீங்க."

அவர் மரப்பலகையைப் பார்த்தார். கல்லறையில் பாடுவதற்கென்று 117 கடைசியாகச் செருகப்பட்டிருந்தது. "அந்தப் பாட்டை இங்கயே பாடிடலாம்" என்று சபையிடம் சொன்னார். "ஆறு சரணமும்."

வழக்கமாக மூன்று சரணத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆறும் பாடி நான் கேட்டதே இல்லை.

பின்னறைக்கு ஓடினேன். லேப்டாப்பின் ஒயரைக் கழற்றிவிட்டு, கேமராவின் ஒயரைப் பிடுங்கி நேராக அதில் செருகினேன். இப்போது அந்த ஒயரில் கேமராவையும் லேப்டாப்பையும் தவிர வேறு யாரும் இல்லை, கூப்பிட்டால் கேமராதான் பேசியாக வேண்டும். பேசியது. முதல் சரணம் முடிந்திருந்தது. எண்ணை அழித்து, அன்றே போட்டிருக்க வேண்டிய ஏழைப் போட்டேன். அவசரத்தில் முதல் தடவை தப்பாக அடித்தேன்.

புது எண்ணோடு கேமரா எழுந்திருக்க இரண்டு நிமிஷம் ஆகும். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. வெளியே ஆந்திரா உறவுக்காரர்கள் அதே மெட்டில் தெலுங்கில் பாடினார்கள். நாலாவது சரணத்தில் பாதிப் பேருக்கு வரி தெரியாமல் முனகினார்கள். ஆனால் யாரும் நிறுத்தவில்லை. யா அல்லாஹ், இன்னொரு சரணம் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

ஒயர்களைப் பழைய இடத்தில் மாட்டி, லேப்டாப்பில் ஏழு என்று மாற்றினேன். ஆறாவது சரணத்தின் கடைசி வரி. திரை ஒருமுறை வெளுத்தது. பூக்கள் தெரிந்தன. பிறகு எஸ்தரம்மாவின் முகம்.

"ஷைலா! தெரியுதாம்மா?"

பதில் இல்லை.

"ஷைலா? லைன்ல இருக்கியாம்மா?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை. பார்த்தால், லேப்டாப் ஒயரைக் கழற்றியபோதே கால் துண்டிக்கப்பட்டிருந்தது. படம் அங்கே போனதா இல்லையா என்று தெரியாமலே கதவருகே வந்து நின்றேன். பாட்டு முடிந்து சர்ச் அமைதியாக இருந்தது. மூடியைப் பிடித்திருந்தவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

அப்போது சாமுவேல் ஐயாவின் சட்டைப் பையில் டிங் என்று ஒரு சத்தம்.

அவர் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். போனை எடுத்து மனைவியின் காதோரம் வைத்தார். அந்த அமைதியில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அம்மா... தெரியிறம்மா. நல்லாத் தெரியிற. நான் எடுத்துக் குடுத்த மாம்பழக் கலர் பொடவ கட்டிகினு இருக்குற. அழகா இருக்குறம்மா."

நான் அங்கேயே கதவோரம் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிறு காலை

ஒரு வாரம் கழித்து ஷைலாவிடம் உண்மையைச் சொன்னேன். லைனில் பிரச்சினை எதுவும் இல்லை, என் சோம்பேறித்தனம்தான் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வுடுங்க அண்ணா. அம்மா ஆபரேட்டராச்சே. அவங்க இல்லாம நாம நேரா பேசிக்க வுட்டுடுவாங்களா?" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம், பிறகு அவள் அழுதாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்றைக்கும் குழந்தை குப்புற விழுந்தது, பல் முளைத்தது எல்லாம் அம்மாவின் போனுக்குத்தான் முதலில் வருகின்றன. சாமுவேல் ஐயா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சர்ச்சுக்குப் போகிறார்.

அந்த ரூட்டரை நான் ஒழுங்காகச் சரிசெய்துவிட்டேன். கேமரா ஏழிலேயே இருக்கிறது. 117ஐ மட்டும், வேறு எந்தப் போனுக்கும் போகாதபடி, அந்த ஒரு போனுக்கென்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையில் உட்கார்ந்தபடியே அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். அதில் எனக்கு வேலை எதுவும் இல்லை. 117க்கு நேராக எஸ்தரம்மா என்ற பெயர் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். வந்ததும் மூடிவிட்டு டீ குடிக்கப் போவேன்.